கண்ணில் படாத லாரி

ஆகஸ்ட் 18, திங்கள்

அகப்பட்டது! பிழை இன்னும் அகப்படவில்லை, அது குடியிருக்கும் ஊர் அகப்பட்டது. எங்கள் 'லோடு வண்டி' ஆட்டம் மலிவு ஃபோனில் திக்குவது கரூர் ரோட்டுச் சுங்கச்சாவடியில்தான். காலையிலிருந்து இதே வேலையாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி சுங்கச்சாவடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது. அங்கே மற்ற லாரிகளோடு வரிசையில் சேர்ந்ததும் படம் விக்கி விக்கி நகர்கிறது. பிரேக்கைத் தொட்டால் அது யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது. அதற்குள் முன்னால் நிற்கிற வண்டியில் மோதி, அட்டை அட்டையாக முட்டை உடைந்து, ஆட்டம் முடிந்துபோகிறது. ஆடுகிறவன் ஃபோனைத் தூக்கி எறியாமல் இருந்தால் நம் அதிர்ஷ்டம்.

என்னுடைய நல்ல ஃபோனில் இந்தத் திக்கலே கிடையாது. ஆனால் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஓட்டிப் பார்க்கப்போவது அந்த மலிவு ஃபோன் ரகத்தில். நொடிக்கு முப்பது படம் குறையாமல் வந்தால் அவர்களே ஆட்டத்தை வெளியிடுவார்கள். குறைந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் மாமனார் சொன்ன சொல் இருக்கிறது: ஆவணிக்குள் இது கரையேறாவிட்டால் இந்த மாடி டயர் குடோன், அவர் மகன் கீழே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு இறங்கிவிட வேண்டும். எனக்கு என்ன வேலை என்று சொல்லவில்லை. மருமகளுக்குச் சமையலறை இருக்கவே இருக்கிறது என்று நினைத்திருப்பார். விடுவேனா நான்?

எங்கள் படை மூன்றே பேர். நிரல் எழுதுவது நான். சத்தம், இசை, சென்னைக்காரர்களோடு பேச்சு எல்லாம் இவர், என் வீட்டுக்காரர் பொன்னரசு. லாரி, ரோடு, புளியமரம், டீக்கடை என்று கண்ணுக்குத் தெரிகிற அத்தனையும் செய்வது என் நாத்தனார் கோகிலவாணி.

நாளைக்குப் புரொஃபைலரை மாட்டப்போகிறேன். கேபிளில் ஃபோனைச் செருகினால் போதும், ஒவ்வொரு பொருளையும் வரைய ஃபோன் எவ்வளவு நேரம் திணறுகிறது என்று அது புட்டுப் புட்டு வைத்துவிடும். நாளை மாலைக்குள் முடித்துவிடுவேன், சத்தியம்.

கீழே பட்டறையில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாடை. ஜன்னலை அடைத்துவிட்டேன். மூன்று வருடமாக முகர்கிற வாடைதான், இப்போது என்னமோ வயிற்றைப் பிரட்டுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முடிக்கவில்லை. சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புரொஃபைலருக்கு ஃபோன் தெரிகிறது. ஃபோனுக்குள் ஓடுகிற ஆட்டம் தெரியவில்லை! ஸ்கிரீனில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தால் 'செயலி எதுவும் இல்லை' என்று வருகிறது. வீட்டுக்குள் டி.வி. ஓடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, கதவைத் தட்டினால் ஆளே இல்லை என்கிற கதை.

"என்னங்கண்ணி, இன்னும் தெரியலீங்களா?" என்று வாணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"உன் லாரியைக் காணோம்டி. களவு போயிருச்சு."

"ஐயோ, அபசகுனமாப் பேசாதீங்கண்ணி!"

ஆட்டத்தை நானே கேபிள் வழியாக நேராக ஏற்றிப் பார்க்கலாம் என்றால் இந்த ஃபோன் ஒரு மகாராஜா. சிம் கார்டு போட்டால்தான் கேபிள் வழியாக ஏற்ற விடுமாம். இதில் சிம்மே இல்லை, சிம் போடும் தட்டும் உடைந்து கிடக்கிறது. அதனால் வழக்கம்போல நான் ஆட்டத்தை ஃபோனில் போடுகிற ஒரே கோப்பாக பில்ட் செய்து இணைப்பை அனுப்ப, வாணிதான் வைஃபையில் இறக்கி ஃபோனில் போட்டுத் திறந்து கொடுத்தாள். பூட்டும் அவள் விரலுக்குத்தான் திறக்கும். சோதனை ஃபோன் பிறந்ததிலிருந்தே அவள் கையில்தான் இருக்கிறது.

நடுவில் காபி கொண்டுவந்தாள். டம்ளரை அவள் பக்கமே நகர்த்திவிட்டேன், பால் திரிந்த வாடை. அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குது" என்றாள். அவளுக்கு ஜலதோஷமாக இருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

கேபிள்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். சார்ஜ் மட்டும் ஏற்றி, தகவலைக் கடத்தாத கேபிள்கள் உண்டு. இவர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் அலைந்து கை நிறையக் கேபிள்களோடு வந்தார், கீரைக்கட்டு வாங்கி வந்த மாதிரி. ஒவ்வொன்றாகச் செருகினோம். ஒவ்வொன்றிலும் ஃபோன் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆட்டம் தெரியவில்லை.

"கேபிள் காரணமில்லைன்னு இப்பத் தெளிவாயிருச்சில்ல, அதுவும் முன்னேற்றந்தான்" என்றார். இந்த மனுசனுக்குக் கோபமே வராதா? இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று காலையில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கீழே வெல்டிங் நின்றது, மாமா படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். வெளியீட்டுக்கு என்று செய்யும் பில்டில், வெளி மென்பொருள் எதுவும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்று பூட்டுப் போட்டிருப்போம். சோதனைக்குச் செய்யும் பில்டில் அந்தப் பூட்டு இருக்காது. போன வாரத்திலிருந்து நான் வெளியீட்டு பில்டையே அனுப்பிக்கொண்டிருந்தேன்! என் தலையில் நானே குட்டிக்கொண்டு, பூட்டை எடுத்துவிட்டு, புதிதாகச் செய்து அனுப்பினேன். வாணி போட்டாள், திறந்தாள், கொடுத்தாள். நான் செருகினேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

செயலி எதுவும் இல்லை.

இதே பில்ட் என் ஃபோனில் ஜம்மென்று தெரிகிறது, கேட்டால் கேட்டதெல்லாம் சொல்கிறது. அந்த மலிவு ஃபோனுக்கு மட்டும் என் மேல் என்ன கோபம்?

வாணியின் மேசையில் இரண்டாக வெட்டிய எலுமிச்சம்பழம் கிடந்தது. லாரி முன்னால் கட்டுகிற எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை அச்சு அசலாகச் செய்ய வேண்டுமென்று போன மாதத்திலிருந்து தினமும் ஒரு பழத்தை வெட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். ஆத்திரத்தில் அதை எடுத்து உப்பைத் தொட்டுக்கொண்டு தின்றுவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தெரியவில்லை. ஊறுகாய் ஜாடியும் காலி.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் நானும் இவரும் சேலத்துக்கு ஒரு வேலையாகப் போய்வந்தோம். என்ன வேலை என்று எழுதப்போவதில்லை. அத்தையிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தோம். திரும்பும் வழியில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு வந்ததால் அது பொய்யும் ஆகாது.

இவர் கார் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! முட்டை லோடு ஏற்றியவர்கூட இவ்வளவு பதமாக ஓட்டமாட்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, அதனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் இறங்கி வந்து அடிக்காத குறை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான் வந்தது.

ஒரு படம் கொடுத்தார்கள். ஃபோனில் எடுத்து, நம்பர் போட்டுத் திறக்கிற பெட்டகத்துக்குள் வைத்துவிட்டேன். அத்தை என் ஃபோனை வாங்கிக் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர். போன வருடம் இதே மாதிரி முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லப்போய், அவர் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்து, அப்புறம்... வேண்டாம். அந்தக் கதைக்கு இங்கே இடமில்லை.

மத்தியானம் ஃபோனின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தேன். பலனில்லை. இருந்தாலும் இன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாணியோடு வாய்ச்சண்டை. நேற்று அமாவாசைக்குப் பட்டறை வாசலில் உடைத்த பூசணிக்காய் இன்னும் அப்படியே கிடக்கிறது, இவருடைய பைக் அதில் வழுக்கப் பார்த்தது. "கண் படாம இருக்க ஒடைச்சீங்களா, கால் ஒடைய ஒடைச்சீங்களா?" என்று அவளைக் கேட்டேன்.

"உங்களுக்கு எல்லாமே கேலிதாங்கண்ணி. போன ஆட்டம் என்னாச்சு? நம்ம சித்தப்பா மக வடிவு சீருக்கு வந்த சனத்துக்கெல்லாம் பெருமையாக் காட்டினேன். ஆளாளுக்கு ஆஹா ஊஹூன்னாங்க. அன்னிக்குச் சாயந்திரமே டிஸ்க் செத்துப்போச்சு."

"டிஸ்க் பழசு, வாணி."

"பழசு அதுக்கு முந்தின நாள் சாகக்கூடாதா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

படித்த பெண், கம்ப்யூட்டரில் லாரி செய்கிறவள், பேசுகிற பேச்சா இது? ஒரு மணி நேரம் அறிவியல் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "செரிங்கண்ணி, சாப்ட வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இவருடைய லேப்டாப்பில் புரொஃபைலரைப் புதிதாக நிறுவிப் பார்த்தேன். அதே பாட்டு. உலகத்தில் இந்தத் தொல்லை யாருக்கெல்லாம் வந்ததோ அவர்கள் எழுதியதையெல்லாம் இணையத்தில் படித்துவிட்டேன். பாதிப் பேர் 'ஃபோனை அணைத்துப் போடுங்கள்' என்கிறார்கள். மீதிப் பேர் 'எனக்கும் அதேதான்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போயிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாமா அளவு டேப்போடு மாடிக்கு வந்தார். சுவரோரம் ஒரு முனையை வைத்து, டயர் எத்தனை அடுக்கு நிற்கும் என்று பார்த்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே நீட்டினார்!

"மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"பொறுத்துக்கறனுங் அம்மிணி. அளந்து வெச்சாத் தப்பில்லையே."

பிடித்துக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை இந்த மாடியில் டயர் ஏறினால் என் பெயர் மேகலா இல்லை. கோபத்தில் உடம்பெல்லாம் சுறுசுறுவென்று இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக இருந்தது, எத்தனை தின்றேன் என்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் அத்தை, மாமா, வாணி மூன்று பேரும் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினார்கள். நாளைக் காலையில் அத்தையின் தம்பி மகள் கல்யாணம். எனக்குத் தலைவலி, இவருக்குச் சென்னைக்காரர்களோடு பேச்சு என்று சொல்லி நாங்கள் இருந்துகொண்டோம்.

"வாணி, அந்த ஃபோனை வெச்சுட்டுப் போ" என்றேன்.

"என் விரல் இல்லாமத் திறக்காதுங்களே."

"உங்க அண்ணனுக்கு நம்பர் தெரியும். வாங்கின அன்னிக்கு அவர்தானே போட்டார்."

ஒரு நிமிடம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே மாமா ஹாரன் அடித்ததும் ஃபோனைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் இவர் சொன்ன நம்பரைப் போட்டு ஃபோனைத் திறந்தேன். ஆட்டமே இல்லை! தேடினேன், எந்தப் பக்கத்திலும் இல்லை. வாணி திறந்து கொடுக்கும்போதெல்லாம் பின்னணியில் நீல லாரிப் படம் இருக்கும். இப்போது கம்பெனிக்காரன் கொடுத்த பூப்படம் இருந்தது. நாளைக்குச் சோதனை, இன்றைக்கு ஆட்டம் அழிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். வாணிக்கு அடித்தால் எடுக்கவில்லை, கெட்டிமேளச் சத்தத்தில் எங்கே கேட்கும்?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மனசு படபடக்கும்போது அந்தப் படத்தை ஒரு தடவை பார்ப்பது இந்த ஐந்து நாளாக வழக்கமாகிவிட்டது. என் ஃபோனை எடுத்து, பெட்டகத்தின் நம்பரைப் போட்டு, படம் திறந்த அந்த நொடியில் எனக்குப் பொறி தட்டியது.

என் ஃபோனில் யாருக்கும் தெரியாமல் ஒரு பூட்டிய அறை இருக்கிறது. கண் பட்டுவிடக்கூடாது என்று நான் ஒன்றை அதற்குள் வைத்திருக்கிறேன். நானே வைத்திருக்கிறேன் என்றால் வாணி வைக்கமாட்டாளா?

இந்த ரக ஃபோன்களில் அந்த வசதி உண்டு. ஒரே ஃபோனுக்குள் இரண்டு ஃபோன். நம்பர் போட்டால் முன் அறை திறக்கும். குறிப்பிட்ட விரலை வைத்தால் நேராக மறைவான பின் அறைக்குப் போகும், அங்கே வேறு படம், வேறு செயலிகள். பாவம், புரொஃபைலர் முன் அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு 'யாரும் இல்லை' என்று பத்து நாளாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னங்க, காரை எடுங்க! கல்யாணத்துக்குப் போறோம்!"

"தலைவலி?"

"போயிருச்சு. லேப்டாப்பை எடுத்துக்குங்க."

இன்றைக்காவது வேகமாக ஓட்டுவார் என்று பார்த்தேன். கத்தினேன், கெஞ்சினேன், மிரட்டினேன். நாற்பதைத் தாண்டவில்லை. "ஃபோன் எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வாணி இலையில் உட்கார்ந்து பாயசத்தைக் கையில் வழித்துக்கொண்டிருந்தாள். என்னையும் என் கையிலிருந்த ஃபோனையும் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"கையைக் கழுவிட்டு அந்த விரலைக் கொண்டா" என்றேன்.

மணப்பெண் அறைதான் காலியாக இருந்தது, காலி என்றால் மணப்பெண், அலங்காரம் செய்கிற அம்மா, நாலைந்து உறவுக்காரப் பெண்கள். ஒரு மூலையில் சீர்வரிசைத் தட்டுகளை நகர்த்தி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வாணி விரலை வைத்தாள். நீல லாரி வந்தது. ஆட்டம் அங்கேதான் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

"மறைச்சு வெச்சிருந்தேன் அண்ணி" என்றாள், அழுதுவிடுவாள் போலிருந்தது. "பட்டறைக்கு யார் யாரோ வர்றாங்க, ஃபோனை எடுத்து நோண்டறாங்க. போன தடவை மாதிரி ஆயிரக்கூடாதுன்னு. ஐகான்தான் மறையும்னு நினைச்சனுங்க, இதனாலதான் தெரியலைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. சொன்னா நீங்க சிரிப்பீங்களேன்னுதான்..."

பத்து நாள்! கேபிள், பில்ட், மென்பொருள், லேப்டாப்! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என்ன ஆச்சரியம், திட்டே வரவில்லை. "செரி, விடு" என்றுதான் வந்தது. இவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மேற்கூரையைப் பார்த்தார்.

முன் அறையில் ஆட்டத்தை இறக்கிப் போட்டோம். கேபிளைச் செருகினேன். பட்டியல் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி: லோடு வண்டி.

நான் போட்ட கூச்சலில் அலங்கார அம்மா மணப்பெண்ணுக்கு மையைக் காது வரைக்கும் இழுத்துவிட்டார். உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "இது நம்ம ரோடாட்ட இருக்குது!" "அட, டீக்கடையப் பாரு!" அத்தனை கண்ணும் ஸ்கிரீன்மேல். வாணி கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னமோ முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா இவர்களுடைய பெரியம்மா ஒருத்தர் வந்து என் மோவாயைப் பிடிக்க வேண்டும்?

"என்ன மேகலா, விசேஷம் எதாச்சும் உண்டா? கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருந்தா எப்புடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். வெயில் காலம் மாதிரி வியர்த்தது.

வாணி கண்ணைத் திறந்துவிட்டாள். "பெரியம்மா, ஜாங்கிரி தீரப்போகுது, இந்தப் பந்தியை விட்டா அப்புறம் வெறும் ரசந்தான்" என்று அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விட்டு வந்தாள்.

சுங்கச்சாவடிக்கு லாரியை ஓட்டினேன். திக்கியது. புரொஃபைலர் புட்டு வைத்தது. ரோடு இல்லை, மரம் இல்லை, முட்டைகூட இல்லை. ஃபோனின் நேரத்தையெல்லாம் விழுங்கியது லாரிகளின் முன்னால் தொங்குகிற எலுமிச்சை மிளகாய்ச் சரம்! வரிசையில் நிற்கிற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சரம். ஒவ்வொரு மிளகாயும் தனித்தனிப் பொருள், தனித்தனி நிழல். வாணி செய்கிற எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பாள்: மிளகாய் ஒன்று, மிளகாய் இரண்டு, வாடின மிளகாய். பட்டியலில் கீழே போனால் விதை, விதை, விதை.

"வாணி, எலுமிச்சம்பழத்துக்குள்ள விதை வெச்சிருக்கியா?"

"வெட்டிப் பார்த்தேன், இருந்துச்சுங்க..."

"முழுப் பழம்டி அது! உள்ளே யார் பார்க்கப்போறா?"

மணப்பெண்ணே சிரித்துவிட்டாள்.

வழி சுலபம். இவர் சொன்னார்: "சரத்தையே எடுத்துடு மேகலா. ஒரு டிக்கை எடுத்தாப் போதும். நாளைக்குச் சோதனை, இப்பப் போயி அதைப் பிரிச்சு மேஞ்சு, புதுசா எதாவது ஒடைஞ்சா?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். பத்து நாள் முன்னால் என்றால் அவர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்திருப்பேன். வாணி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "தொங்கட்டும்."

"ஏன்?"

"தொங்கட்டும்னா தொங்கட்டும்!"

காரணம் எனக்கே சொல்லத் தெரியவில்லை, எழுதவும் தெரியவில்லை. மூன்று பேரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். வாணி மிளகாய், எலுமிச்சை, கயிறு எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பொருளாக்கினாள். விதைகளைக் களைந்தாள். நான் அதன் நிழலை எடுத்தேன், தூரத்து லாரிகளுக்குச் சரத்தைத் தட்டையான படமாக மாற்றினேன். முதல் தடவை ஓட்டியபோது சரம் லாரிக்குப் பின்னால் போய்த் தொங்கியது. இரண்டாம் தடவை ஆட்டமே நின்றுபோனது, இவர் 'நான் சொல்லவில்லையா' என்கிற முகத்தோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுங்கச்சாவடியில் நொடிக்கு முப்பத்தொன்று. எதேச்சையாக வந்ததோ என்று மறுபடி ஓட்டினேன். முப்பத்தொன்று!

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாலு மணிக்கு வீடியோவில் வந்தார்கள். அவர்களுடைய அலுவலகத்தில், அவர்களுடைய மலிவு ஃபோனில், ஒரு பெண் ஓட்டினாள். படத்தின் ஓரத்தில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் என் இடது கையை நசுக்கினார், வாணி வலது கையை. மாமா டேப்போடு படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

முப்பத்தைந்து. முப்பத்துநான்கு. சுங்கச்சாவடி வரிசை தெரிந்தது. முப்பத்திரண்டு. அந்தப் பெண் ஓட்டுவதைப் பார்த்தால் முட்டை ஏற்றின மாதிரியே இல்லை, கருங்கல் ஏற்றின மாதிரி அடித்துக்கொண்டு போனாள். முப்பத்தொன்று. வரிசைக்குள் நுழைந்துவிட்டாள். முப்பது. முப்பது. முன்னால் இருந்த வண்டி திடீரென்று நின்றது, பிரேக் அடித்தாள், பிடித்தது! ஒரு முட்டைகூட உடையவில்லை. முப்பது. தடுப்புக் கம்பி மேலே எழுந்தது, லாரி அந்தப் பக்கம் போனது, முப்பத்துமூன்று.

"ஓக்கே, பாஸ்" என்றாள். அப்புறம், "லாரிக்கு முன்னாடி லெமன் ஆடுது பாருங்க, சூப்பரா இருக்கு. அதை மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள்.

வாணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதிக்கப் போனேன், இவர் என் இரண்டு தோளையும் அழுத்தி உட்காரவைத்துவிட்டார். மாமா டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டயரை அக்கட்டால இருக்கற ஷெட்டுல போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் அகராதியில் அது வாழ்த்து.

எல்லாரும் கீழே சர்க்கரைப்பொங்கலுக்குப் போன பிறகு, சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று புரொஃபைலரை மாட்டினேன். இனிமேல் அதை மாட்டாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. பட்டியல் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் ஆடுகிறவர் ஓட்டுகிற நம் லாரியின் பெயருக்குக் கீழே, ஒட்டிய சரத்துக்கு அடுத்து, ஒரு குட்டிப் பொருள் தனியாக நின்றது. களையாமல் விட்ட ஒற்றை விதை. முழுப் பழத்துக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில். வாணி அதற்கும் பெயர் வைத்திருந்தாள்: மருமகப்புள்ள.

அவளுக்கு மருமகப்பிள்ளை என்றால் அவள் அண்ணனுடைய பிள்ளை.

வாணி பொங்கல் கிண்ணத்தோடு மேலே வந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் சொன்னாரா?"

"அண்ணன் வாயைத் திறக்குமா? நீங்க காபி டம்ளரை என்ற பக்கம் நகர்த்தினீங்களே, அன்னிக்கே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன்டி ஒண்ணும் கேக்கலை?"

"நீங்க மறைச்சு வெச்சிருக்கறதை நான் போயித் திறக்கலாமா அண்ணி? போன தடவை நாம பட்டது போதும். அம்மாகிட்டக்கூட நான் மூச்சு விடலை."

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். கிண்ணத்திலிருந்த பொங்கல் பாதி என் புடவையில். அழுதேன், ஆமாம், இந்தத் தடவை சிரிப்பில் வந்த கண்ணீர் இல்லை. அவளும் அழுதாள். கீழேயிருந்து அத்தை "அங்க என்ன சத்தம்?" என்று கேட்க, "பாஸாயிட்டோமுங்க அத்தை, அதான்!" என்று கத்தினேன்.

"விதையை எடுத்துடட்டுங்களா?" என்று வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

புரொஃபைலரைப் பார்த்தேன். அதை வரைய ஃபோனுக்கு ஒரு சிரமமும் இல்லை.

"இருக்கட்டும்" என்றேன். "மூணு மாசம் முடியட்டும்."